காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போகும் வேலை: முழுமையான வழிகாட்டி

நன்றாக மலை ஏறத் தெரிந்தவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்து முதல் பருவத்திலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கால் பலமும் தைரியமும் அவர்களுக்குக் குறைவில்லை. கவனம்தான் போதுவதில்லை. மேப்பைப் பார்ப்பது, மேகத்தைப் பார்ப்பது, அடுப்பைப் பற்றவைப்பது என்று தன் வேலையிலேயே மூழ்கிப்போகிறார்கள். பின்னால் வரும் எட்டுப் பேரில் ஒருவர் அரை மணி நேரமாக நொண்டிக்கொண்டு வருவது கண்ணில் படுவதே இல்லை.

கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். முன்கூட்டியே முடிக்கக்கூடிய வேலையெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட வேண்டும். காட்டுக்குள் உங்கள் கண் ஆட்கள் மேல் இருக்க வேண்டும். சாலை இல்லாத, செல்போன் சிக்னல் இல்லாத, உதவி வந்துசேரப் பல மணி நேரம் ஆகும் இடங்களில் குழுவை நாள்கணக்கில் நடத்திச் செல்வதைத்தான் இங்கே சொல்கிறேன். கயிறு கட்டி ஏறும் பாறை, பனியாறு போன்றவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் தனிப் பயிற்சி வேண்டும். அது இதில் சேராது.

1. உங்கள் சொந்த வேலைகள் கைப்பழக்கமாகட்டும்

கூடாரம் அடிப்பது, மழையில் அடுப்பு பற்றவைப்பது, மேப்பில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, பையைக் கட்டுவது ஆகிய எல்லாம் யோசிக்காமல் நடக்க வேண்டும். தனியாகப் போகும்போது கூடாரம் அடிக்க இருபது நிமிடம் ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. குழுவோடு போகும்போது அந்த இருபது நிமிடமும் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை நீங்கள் பார்க்காத நேரம்.

மேப் படிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். போனில் நீலப் புள்ளியைப் பார்த்தே பழகியவர்களுக்குச் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வெறும் கோலமாகத் தெரியும். 1:50,000 மேப்பில் 2 செ.மீ. என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இதைச் சொல்லத் தெரிந்தால் போதாது. கோடுகளைப் பார்த்ததும் “இன்னும் கால் மணி நேரத்தில் இடது பக்கம் ஒரு ஓடை வரும், அதைத் தாண்டினால் ஏற்றம்” என்று சொல்ல வர வேண்டும். நடக்கும்போதே அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்த்துப் பழகுங்கள். சொன்னது வரவில்லை என்றால் வழி தவறியதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது. அதனால் காகித மேப்பும் காம்பஸும் முதலில், கருவி அதைச் சரிபார்க்க. காம்பஸ் காட்டும் வடக்குக்கும் மேப்பின் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். போகிற பகுதிக்கு அது எத்தனை டிகிரி என்று கிளம்பும் முன்பே மேப்பின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலுதவிப் பயிற்சியை இரண்டாவதாக முடியுங்கள்

நகரத்து முதலுதவிப் பயிற்சி, பத்து இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. காட்டில் அடிபட்டவரோடு ஓர் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். அதனால் ‘வில்டர்னெஸ் ஃபர்ஸ்ட் எய்ட்’ என்ற பயிற்சி தனியாக உண்டு. சுமார் 16 மணி நேரம், பெரும்பாலும் இரண்டு நாள். இதை உதவி ஆளாகச் சேர்வதற்கான தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவைத் தனியாக நடத்துவதற்கு ‘வில்டர்னெஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்’ என்ற நீண்ட பயிற்சியைத்தான் பல நிறுவனங்கள் கேட்கும். அது 70 முதல் 80 மணி நேரம் வரை போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த பின் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. பருவம் தொடங்கிவிட்டால் பத்து நாள் விடுப்பு கிடைக்காது. அப்புறம் அந்த ஆண்டே போய்விடும்.

3. வரிசையின் கடைசியில் ஒரு பருவம் நடங்கள்

அனுபவமுள்ள வழிகாட்டியிடம் உதவியாளாகச் சேருங்கள். பெரும்பாலும் உங்களை வரிசையின் கடைசியில் நடக்கச் சொல்வார்கள். அதை மட்டமான வேலை என்று நினைத்து முன்னால் போகத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் வேலை கற்கும் இடமே அதுதான். யார் எப்போது களைக்கிறார், யார் தண்ணீரே குடிப்பதில்லை, யார் பையின் பட்டையை ஓயாமல் இழுத்துவிடுகிறார் என்பதெல்லாம் கடைசியில் நடப்பவருக்குத்தான் தெரியும்.

தலைமை வழிகாட்டி எந்த இடத்தில் நிற்கிறார், எப்போது மேப்பை எடுக்கிறார், எப்போது பேச்சுக் கொடுக்கிறார் என்று கவனியுங்கள். மாலையில் “அங்கே ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். பாதிக் கேள்விக்கு “சும்மாதான்” என்று பதில் வரும். மீதிப் பாதியில் நீங்கள் கற்க வேண்டியது முழுதும் இருக்கும்.

4. வழியை முன்பே நடந்து, நேரக் கணக்கு எழுதுங்கள்

நீங்கள் நடக்காத வழியில் ஆட்களை அழைத்துப் போகாதீர்கள். முன்னோட்டமாக நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: தண்ணீர் கிடைக்கும் இடங்கள், கூடாரம் போடத் தோதான இடங்கள், ஆறு கடக்கும் துறைகள், நடுவில் விட்டு வெளியேற வழி உள்ள இடங்கள், செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்ப வானம் திறந்திருக்கும் இடங்கள். வெளியேறும் வழிகளையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். மேப்பில் பாதை என்று போட்டிருப்பது புதர் மண்டி மறைந்திருக்கலாம். அடிபட்டவரோடு அங்கே போய் நின்று அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அப்புறம் நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் இந்தக் கணக்குப்படி நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது பழகிய கால்களுக்கான கணக்கு. பை சுமந்து, நின்று நின்று வரும் புதிய குழுவுக்கு அதோடு பாதியைச் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வையுங்கள். முகாமில் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேரும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ‘திரும்பும் நேரம்’ ஒன்றையும் இப்போதே எழுதுங்கள். எங்கே இருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பியாக வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் சரியாகக் கணக்கு வராது. 1996 மே 10 அன்று எவரெஸ்டில் மதியம் 2 மணியைக் கடந்த பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தார்கள். இறங்கும் வழியில் புயல் பிடித்துக்கொண்டது. அந்தப் புயலில் மலையில் இறந்த எட்டுப் பேரில் இரண்டு குழுக்களின் தலைமை வழிகாட்டிகளும் உண்டு. அனுபவம் குறைந்தவர்கள் அல்ல அவர்கள்.

உயரமான இடங்களுக்குப் போனால் கணக்கில் இன்னொன்றும் சேரும்: மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகும் நேரம். சுமார் 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாத நாள் ஒன்று வேண்டும். ‘நாள் குறைவு, வேகமாக முடிக்கலாம்’ என்று திட்டம் போட்டுத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

5. அனுமதி, காப்பீடு, வெளியே ஒரு ஆள்

அனுமதிச் சீட்டு, குழுவின் அளவுக்கான வரம்பு, தீ மூட்டலாமா கூடாதா என்பவை இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பகுதியை நிர்வகிக்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் மீட்புச் செலவு அடங்குமா, ஹெலிகாப்டர் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். உயர வரம்பைப் பெரும்பாலும் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வெளியே இருக்கும் ஒருவரிடம் வழி, ஆட்களின் பெயர்ப் பட்டியல், முகாம் இடங்கள், திரும்பும் நாள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். “இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் இந்த எண்ணை அழையுங்கள்” என்பதும் அதில் இருக்க வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை வந்துடுவோம்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால், திங்கள் மதியம் வரை அவர் உங்களைத் தேட மாட்டார்.

செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியையோ 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனையோ (செயற்கைக்கோள் வழியாக அபாயச் சைகை மட்டும் அனுப்பும் கருவி) எடுத்துச் செல்லுங்கள். பீக்கன் என்றால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். சில நாடுகளில் செயற்கைக்கோள் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். எல்லையில் பறிபோன பிறகு வருந்துவதைவிட முன்பே விசாரித்துவிடுங்கள்.

6. வருகிறவர்களிடம் போனில் பேசுங்கள்

எல்லோரும் உடல்நலப் படிவத்தை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படிவத்தில் “எந்தப் பிரச்சினையும் இல்லை” என்று டிக் அடிப்பவர்தான், இரண்டாம் நாள் மாலையில் பையிலிருந்து ஐந்து மாத்திரைப் பட்டைகளை எடுத்து வைப்பார். பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தால் அதைப் பிரச்சினை என்றே பலர் நினைப்பதில்லை.

அதனால் பேசுங்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” “மாடிப்படியில் எத்தனை தளம் நிற்காமல் ஏறுவீர்கள்?” “கடைசியாகப் பை சுமந்து நடந்தது எப்போது?” “குளவியோ தேனீயோ கொட்டி உடம்பு வீங்கியதுண்டா?” கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், கடும் ஒவ்வாமைக்காக மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசி இல்லாமல் அவரை அழைத்துப் போகக் கூடாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிரில் அது உறையாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

இந்தப் போனில் இன்னொரு லாபமும் உண்டு. உச்சியைத் தொடத்தான் வருகிறாரா, மனைவி கூப்பிட்டதற்காக வருகிறாரா என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். காட்டில் இருவரையும் வேறு வேறு விதமாகத்தான் நடத்த வேண்டும்.

7. எல்லோருடைய பையையும் தரையில் கொட்டச் சொல்லுங்கள்

புறப்படுவதற்கு முந்தின நாள் இதைச் செய்யுங்கள். கடை திறந்திருக்கும்போது செய்தால்தான் குறையை நிரப்ப முடியும். “மழைச் சட்டை இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு” என்பார்கள். விரித்துப் பார்த்தால் மெல்லிய காற்றுச் சட்டையாக இருக்கும். உங்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டும்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை: பழகிய காலணி (பெட்டியைப் பிரித்த புதிது என்றால் முதல் நாளே கொப்புளம்), மழைச் சட்டை, பருத்தி அல்லாத உள்ளாடையும் மாற்று உடையும், ஹெட்லேம்ப், விசில், இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இடம், தினசரி மருந்து இரண்டு பங்காக. ஒரு பங்கு அவரிடம், ஒரு பங்கு உங்களிடம். ஆற்றில் ஒரு பை போய்விட்டாலும் மருந்து மிஞ்சும். பருத்தி வேண்டாம் என்பதற்குக் காரணம், நனைந்தால் காய நேரமாகி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் புதியவரிடமிருந்து எதையாவது எடுத்துவிடுங்கள். உங்கள் பை மட்டும் கனமாகத்தான் இருக்கும். முதலுதவிப் பெட்டி, கூடுதல் கதகதப்புச் சட்டை, ஒரு தார்ப்பாய், பழுது பார்க்கும் சாமான், குழுவின் ஸ்டவ் எல்லாம் அதில்தான்.

8. புறப்படும் காலையில் என்ன பேசுவது

பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பாம்பு, இடி, கரடி என்று ஆபத்துப் பட்டியல் வாசித்தால் மூன்றாவது வரியில் காது மூடிக்கொள்ளும். இன்று என்ன தூரம், எங்கே தண்ணீர், எங்கே சாப்பாடு என்று சொல்லுங்கள். பிரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: நின்ற இடத்திலேயே நிற்பது, விசில் ஊதுவது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் சேரும்வரை காத்திருப்போம் என்று உறுதி சொல்லுங்கள்.

இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்: “வானிலையோ உடம்போ ஒத்துவராவிட்டால் நான் திரும்பச் சொல்வேன். அந்த இடத்தில் ஓட்டெடுப்பு கிடையாது.” காலையில் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். மலைமேல் வாக்குவாதம் வரும்போது, “காலையிலேயே பேசினோமே” என்று சொல்ல உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

9. நடத்திச் செல்வது

முதல் அரை மணி நேரம் உங்களுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக நடங்கள். எல்லோரும் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். வாக்கியத்தை முடிக்க ஒருவர் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். புதிய வழிகாட்டிகள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: தன் காலுக்குச் சுகமான வேகத்தில் நடந்து, மேலே போய்க் காத்திருந்து, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் “சரி, போகலாமா?” என்பது. ஓய்வு எடுத்தவர்கள் கிளம்புகிறார்கள், ஓய்வே கிடைக்காதவர் மறுபடியும் கடைசியில். மூன்று முறை இப்படி நடந்தால் அவர் அன்று மாலை விழுந்துவிடுவார். மெதுவாக நடப்பவரை உங்களுக்கு அடுத்தபடியாக, இரண்டாவதாக நடக்க விடுங்கள். வேகம் தானாகச் சரியாகிவிடும்.

இருபது நிமிடத்தில் ஒரு கட்டாய நிறுத்தம். சட்டையைக் கழற்ற, பட்டையைச் சரிசெய்ய, ஒதுங்கிப் போய்வர. இந்த நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும் “குதிகால் எரிகிறதா?” என்று கேளுங்கள். “கால் எப்படி இருக்கு?” என்றால் “நல்லாருக்கு” என்றுதான் பதில் வரும். எரிகிறது என்றால் அப்போதே காலுறையைக் கழற்றிப் பாருங்கள். தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். அந்த நிலையில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். “முகாமில் பார்த்துக்கலாம்” என்று விட்டால், முகாமில் பார்ப்பது நீர் கோத்த கொப்புளம். மறுநாள் அந்த ஒருவருக்காக எட்டுப் பேரும் மெதுவாக நடப்பீர்கள்.

அதன் பிறகு மணிக்கொரு தடவை ஐந்து பத்து நிமிட ஓய்வு. அதற்கு மேல் உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்து, கிளம்பவே மனம் வராது. நின்றவுடன் கூடுதல் சட்டை போடச் சொல்லுங்கள். குளிர ஆரம்பித்த பின் போடுவதில் பாதிப் பயன்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆட்களை எண்ணுங்கள். வாய்விட்டு எண்ண வேண்டாம், ஆனால் எண்ணாமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

பேச்சைக் கவனியுங்கள். காலையில் ஓயாமல் பேசியவர் மதியம் அமைதியாகிறார். நிறுத்தத்தில் பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்கிறார், நழுவுகிறது, மறுபடி இழுக்கிறார், பிறகு விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். தண்ணீர் வேண்டுமா என்றால் எரிந்து விழுகிறார். மழைத் தூறலும் காற்றும் இருந்தால் இது களைப்பு மட்டும் அல்ல, உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது. விரல் தடுமாற்றம், நாக்குக் குழறல், கால் இடறல், கோபம் எல்லாம் அதன் ஆரம்ப அடையாளங்கள். அங்கேயே நின்று, காற்று படாத இடம் பார்த்து, ஈர உடையை மாற்றி, இனிப்பாக எதையாவது சாப்பிட வையுங்கள். ‘இன்னும் அரை மணி நேரத்தில் முகாம்’ என்ற நினைப்புதான் இங்கே எதிரி.

10. ஆறு கடப்பது

ஆற்றைக் கண்டதும் கடக்கும் இடத்தைத் தேடாதீர்கள். முதலில் கீழே பாருங்கள்: ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால் எங்கே போய் மாட்டுவார்? கீழே அருவியோ விழுந்த மரமோ பாறை இடுக்கோ இருந்தால் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் அங்கே கடக்கக் கூடாது. ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நீங்கள் நடக்கும் வேகத்தைவிட அது வேகமாகப் போனால், தொடையளவுத் தண்ணீரே ஆளைத் தூக்கிவிடும்.

கடக்கலாம் என்று முடிவு செய்தால்: பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு வர வேண்டும். காலணியைக் கழற்றாதீர்கள், வெறுங்காலில் கல் குத்தும்போது உடம்பு தானாகத் துள்ளும், சமநிலை போகும். ஓட்டம் வரும் திசையைப் பார்த்தபடி, கோலை ஊன்றி, பக்கவாட்டில் அடி வையுங்கள். ஆளின் இடுப்பில் கயிறு கட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும். வேண்டாம். விழுந்தவரை ஓட்டத்தில் பிடித்து நிறுத்தும் கயிறு அவரைத் தண்ணீருக்கு அடியிலேயே அழுத்தி வைத்துவிடும்.

பனி உருகி வரும் ஆறு விடியற்காலையில் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் ஓடும். அதனால் அந்த முகாமை ஆற்றுக்கு இந்தப் பக்கமே போட்டு, காலையில் கடக்கும்படி திட்டமிடுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை, உடனே கரையேறுங்கள்.

11. வானிலை

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதை மனக்கணக்கில் வைத்திருங்கள். காற்று சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் குளிரும்.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள்; 30 விநாடிக்குள் கேட்டால் நீங்கள் ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மேட்டு முதுகிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் நிற்காதீர்கள், ஆட்களை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒரே இடியில் எல்லோரும் விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. ஆனால் எல்லாவற்றுக்கும் மேல், பிற்பகலில் இடி வரும் பருவத்தில் மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடும்படி அதிகாலையில் கிளம்புவதுதான் உண்மையான பாதுகாப்பு.

12. முகாம்

தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். மேலே நிமிர்ந்து பாருங்கள், காய்ந்த கிளை தொங்குகிறதா என்று. மழைநீர் ஓடிய தடம் தரையில் இருந்தால் அது கூடாரத்துக்கான இடம் இல்லை.

கழிப்பிடம் எங்கே என்பதை வந்தவுடன் காட்டிவிடுங்கள், கூச்சப்படாமல். தண்ணீரிலிருந்தும் முகாமிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி. திரும்பி வரும் வழியில் சோப்பும் தண்ணீரும் வைத்துவிடுங்கள். கை கழுவாதவர் சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். குழு முழுக்க வயிற்றுப்போக்கு வந்தால் பயணம் அங்கேயே முடிந்தது.

குடிநீரை நன்றாகக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை என்றால் குறைந்தது அரை மணி நேரம், தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் அதிகம். கலங்கல் நீரை முதலில் துணியில் வடிகட்டுங்கள். எல்லாக் கிருமியும் குளோரினுக்குச் சாகாது, ஆகவே எரிபொருள் இருக்கும்போது கொதிக்க வைப்பதே மேல்.

கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்க யாரையும் விடாதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இன்னொரு பக்கம். சாப்பாட்டை இரவில் கூடாரத்துக்குள் வைக்கவும் விடாதீர்கள். எலி முதல் கரடி வரை எது வந்தாலும் அதற்காகத்தான் வரும்.

13. ஏதாவது நடந்துவிட்டால்

முதல் வேலை அடிபட்டவரிடம் ஓடுவது அல்ல. மற்றவர்களைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், எண்ணுங்கள், ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: நீங்கள் தண்ணீர் கொதிக்க வையுங்கள், நீங்கள் தார்ப்பாய் கட்டுங்கள், நீங்கள் நேரத்தைக் குறித்து எழுதுங்கள். சும்மா நிற்பவர்கள்தான் பதறுவார்கள், அப்படிப் பதறித்தான் இரண்டாவது ஆளும் அதே சரிவில் விழுகிறார். இதற்கு அரை நிமிடம் போதும். அதன் பிறகு நீங்கள் முழுதாக அவருடையவர்.

ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடிப்பது, மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பது எல்லாம் பயிற்சியில் கற்றபடி. புதியவர்கள் மறப்பது தரையை. மேலே மூன்று போர்வை போர்த்துவார்கள், கீழே ஈர மண். பாயையோ காலிப் பைகளையோ முதலில் அடியில் தள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, மூச்சு, சுயநினைவு மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு முறை பார்த்த எண் எதையும் சொல்லாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும்.

காத்திருக்காமல் முடிவெடுக்க வேண்டிய சில நிலைகள் உண்டு. உயரத்தில் தலைவலியோடு நேர்கோட்டில் குதிகாலும் நுனிவிரலும் தொட்டு நடக்க முடியாமல் ஒருவர் தள்ளாடினால், ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவானாலும் கீழே இறக்குங்கள். வெயிலில் உளற ஆரம்பித்தால் தூக்கிச் செல்வதற்கு முன்பே தண்ணீரில் அமிழ்த்தியோ நனைத்து விசிறியோ குளிரவையுங்கள். பாம்புக் கடிக்கு வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் வெளியே கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள்.

உதவி கேட்கும் செய்தியை அனுப்பும் முன் காகிதத்தில் எழுதுங்கள்: இடத்தின் ஆயத்தொலைவு (மேப்பில் இடத்தைக் குறிக்கும் எண்கள்), என்ன நடந்தது, எத்தனை பேர், அடிபட்டவரின் இப்போதைய நிலை, என்ன உதவி வேண்டும், அங்கே வானிலை, அடுத்து எத்தனை மணிக்குத் தொடர்பு கொள்வீர்கள். எழுதாமல் அனுப்பினால் இடமே விட்டுப்போகும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கருவி இல்லை, ஆள்தான் போக வேண்டும் என்றால் இருவரை அனுப்புங்கள், அந்தக் காகிதத்தின் நகலோடு. ஒருவரை மட்டும் அனுப்பினால் அவருக்கு என்ன ஆனது என்பது இன்னொரு கவலையாகிவிடும்.

செய்தி போய்விட்டால் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். நீங்கள் சொன்ன இடத்துக்குத்தான் மீட்புக் குழு வரும்.

14. வெளியே வந்த பின்

முதல் வேலை வெளியே காத்திருக்கும் ஆளுக்கு “வந்துவிட்டோம்” என்று சொல்வது. குளித்து, சாப்பிட்டு, அப்புறம் போன் பண்ணலாம் என்றால் அதற்குள் தேடுதல் கிளம்பியிருக்கும்.

அன்றிரவே அல்லது மறுநாள் காலையிலேயே பதிவு எழுதுங்கள்: திட்டமிட்ட நேரம், ஆன நேரம், சரிந்து கிடந்த பாதை, வற்றிப்போன ஊற்று, யாருக்கு என்ன ஆனது, நீங்கள் என்ன செய்தீர்கள். சின்னக் கொப்புளத்தையும் எழுதுங்கள். பின்னால் வழக்கோ காப்பீட்டுக் கோரிக்கையோ வந்தால் இந்தக் குறிப்புதான் பேசும். அதைவிட முக்கியமாக, அடுத்த குழுவின் நேரக் கணக்கு இதிலிருந்துதான் வர வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் எடுத்ததை உடனே நிரப்பிவிடுங்கள். கூடாரங்களை ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். குழுவினரிடம் கருத்துக் கேட்பதை இரண்டு நாள் கழித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏறும் இடத்தில் கேட்டால் எல்லோரும் “சூப்பர்” என்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால்தான், மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு போதவில்லை என்பதும், அந்த ஆறு கடக்கும்போது பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்தவர் யார் என்பதும் வெளியே வரும்.